அரங்குக்குள் இந்த நிமிடம் எத்தனை பேர்?

பெங்களூரு காமிக் கானுக்கு டிக்கெட் எடுக்கும் கடைசி நாட்கள் நெருங்கினாலே ஓசூர், கிருஷ்ணகிரி, நாகரசம்பட்டி பக்கமிருந்து கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். பலரையும் குழப்புவது ஒன்றுதான். அவ்வளவு பெரிய அரங்கில் டிக்கெட் எப்படித் தீர்ந்துபோகும்? டிக்கெட் கையில் இருந்தும் வாசலில் காக்க வைப்பது ஏன்? காமிக் கான் என்பது என்ன, காஸ்பிளே என்பது என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. கேட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அவர்களுக்குத் தெரியவேண்டியதும், பலரும் சொல்லாமல் விடுவதும், வாசலில் நடக்கும் எண்ணிக்கையைப் பற்றி.

2011 பிப்ரவரியில் டெல்லி ஹாட்டில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2012இல் பெங்களூருக்கும் 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கும் வந்தது. 2024 தொடக்கத்தில் நாட்வின் கேமிங் நிறுவனம் அதை 55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரசிகர் கூட்டம் இன்று பணமாக மாறும் சரக்கு. இப்படிப்பட்ட விழாக்கள் முடிந்ததும் இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஓர் எண் அறிவிக்கப்படும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு நாளும் வந்த ஒருவர் அதில் இரண்டு பேர். விளம்பரதாரருக்குக் காட்ட அந்த எண் உதவும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேடையில் பிரபலம் ஏறும்போது கூரைக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அது சொல்லாது. உயிரோடு சம்பந்தப்பட்டதோ அந்த நேர எண்ணிக்கைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருக்கைகள் இல்லாத கூடத்தில் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6,000 சதுர மீட்டர் கூடத்தில் ஒரே நேரத்தில் 4,000 பேர் இருக்கலாம். காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரை விழா. வருபவர் சராசரியாக இரண்டரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்புவார் என்று அமைப்பாளர் எடுத்துக்கொண்டால், கூடம் நான்கு முறை நிரம்பிக் காலியாகும். 16,000 டிக்கெட் விற்கலாம். ஐந்து மணி நேரம் நின்றால் 8,000தான். நாள் முழுக்க நின்றால் 4,000. எத்தனை டிக்கெட் விற்கலாம் என்பதைக் கூடத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, வருபவர் எப்போது வீட்டுக்குக் கிளம்புவார் என்ற ஊகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மாரத்தஹள்ளியிலிருந்து வரும் கல்லூரி மாணவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நாகரசம்பட்டியில் விடிவதற்கு முன் கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி விழா நடக்கும் வைட்ஃபீல்டு வந்து சேர்பவர், கொடுத்த காசுக்குக் கடைசி நிமிடம் வரை நிற்பார். நிற்பதில் தவறும் இல்லை. பெருநகரத்தில் நடக்கும் விழாவுக்குச் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூடக் கூட, சராசரி நேரம் நீண்டு, விற்ற டிக்கெட்டுக்கும் இருக்கும் இடத்துக்கும் இடையிலான உறவு அறுந்துபோகிறது. கடிதம் எழுதியவர்களை வாசலில் நிறுத்துவது பெரும்பாலும் இதன் விளைவுதான்.

இந்த உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடும் கர்நாடகமும் பார்த்துவிட்டன. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு, அனுமதி பெற்ற எண்ணிக்கையைவிட மிக அதிகமாக டிக்கெட் விற்கப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்த கிரிக்கெட் வெற்றி விழாவில் எண்ணிக்கை என்பதே இல்லாமல் போனது. சுமார் 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் பேர் வந்ததாக முதல்வர் சித்தராமையா கூறினார். வாசல்களில் 11 பேர் இறந்தார்கள். கூட்டம் எதிர்பாராதது என்ற விளக்கத்தை ஏற்க முடியாது. பதினெட்டு சீசன் காத்திருந்து கோப்பை வென்ற அணிக்கு மறுநாளே விழா என்று அறிவித்தால் யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

காமிக் கான் ரசிகர்கள் ஒழுங்கானவர்கள், கிரிக்கெட் கூட்டத்தோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வரிசையில் நிற்பதில் டோக்கியோவின் கோமிகெட் காமிக்ஸ் விழா ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. 2019 கோடையில் நான்கு நாட்களில் 7.3 லட்சம் வருகை பதிவான விழா அது. கொரோனாவுக்குப் பின் 2021 டிசம்பரில் திரும்பியபோது அவர்களே நாளொன்றுக்கு 55,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். கட்டுப்பாட்டுக்கு இடம்கொடுத்ததும் அந்த ஒழுங்குதான்; ஒழுங்கு இருக்கிறது என்பதற்காக வாசல் அகலமாகிவிடாது. நியூயார்க் காமிக் கான் 2013இல் நுழையும்போதும் வெளியேறும்போதும் தட்டிச் செல்லும் மின்னணு அட்டையைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பவர் எத்தனை என்பது நொடிக்கு நொடி தெரியும் என்பதால் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அதே ஆண்டு, அட்டையோடு தங்கள் ட்விட்டர் கணக்கை இணைத்தவர்களின் பெயரில் விழாவைப் புகழும் பதிவுகள் தானாகவே வெளியாகின. தலையை எண்ணும் கருவிக்கு ஆளின் பெயர் எதற்கு? சிறிய அமைப்பாளரால் மின்னணு அட்டையின் செலவைத் தாங்க முடியாது என்ற வாதமும் நிற்காது. உள்ளே வரும் வாசலில் ஒருவர், வெளியே போகும் வாசலில் ஒருவர், கையில் ஆளுக்கு ஓர் எண்ணும் கருவி போதும். டிக்கெட் குறைந்தால் விலை ஏறும் என்ற கவலை மட்டும் நியாயமானது. காலை, மாலை என்று நேரம் பிரித்து விற்றால் அந்தச் சுமை குறையும். தொலைவிலிருந்து வருபவருக்கு இரண்டு வேளையும் சேர்த்து ஒரு டிக்கெட் தரலாம், அவர் முழு நாளும் நிற்பார் என்று கணக்கில் எழுதிவிட்டு. காவல்துறையும் தீயணைப்புத் துறையும் அனுமதிக் கடிதத்தில் மொத்த டிக்கெட் எண்ணிக்கையோடு ஒரே நேர உச்ச வரம்பையும் எழுதி, அதை வாசலில் பலகையாக வைக்கச் சொல்ல வேண்டும்.

மற்ற கேள்விகள். காஸ்பிளே வாள் கொண்டுபோகலாமா? உலோகம் கூடாது, ஃபோம், தெர்மோகோல், அட்டை என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை.

ஓசூரிலிருந்து மெட்ரோவில் போக முடியுமா? பொம்மசந்திரா வரை பஸ். அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு, பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக், ஊதாத் தடத்தில் வைட்ஃபீல்டு.

வெளியே போனால் மறுபடி விடுவார்களா? டிக்கெட்டின் நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன் படியுங்கள். மறுநுழைவு இல்லை என்றால் உள்ளே இருப்பவர் யாரும் வெளியேற மாட்டார், கூட்டம் இன்னும் அடர்த்தியாகவே இருக்கும்.