பிறந்த ஊரில் அந்நியர்

வளைகுடாவில் பத்தாண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் உங்கள் மகனை, 'இங்கே வாழ உனக்கு உரிமை உண்டா?' என்று எவரும் கேட்பதில்லை. பைத்துல் முகத்தஸ் அமைந்த ஜெருசலத்துப் பாலஸ்தீனரின் நிலையோ வேறு.

1967ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு ஜெருசலத்தைக் கைப்பற்றிய இஸ்ரேல், உடனே மக்கள்தொகைக் கணக்கெடுத்தது. அப்போது ஊரில் இருந்தோருக்குக் குடியுரிமை அளிக்கவில்லை. 'நிரந்தர வசிப்பாளர்' எனும் அடையாள அட்டையே வழங்கியது. பிழைப்புக்கோ படிப்புக்கோ வெளிநாடு சென்றிருந்தோர் அக்கணக்கில் சேரவில்லை.

ஏழாண்டுகள் வெளிநாட்டில் தங்கினாலோ, பிறநாட்டுக் குடியுரிமை பெற்றாலோ அவ்வுரிமை பறிபோகலாம் என்பது 1974ஆம் ஆண்டு விதி. ஜெருசலத்தில் பிறந்த முபாரக் அவத், கல்விக்காக அமெரிக்கா சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1988இல் சொந்த மண்ணிலிருந்தே நாடு கடத்தப்பட்டார்.

1995 முதல், தம் வாழ்வின் மையம் இந்நகரமே என்று நிரூபிக்கும் சுமையும் அம்மக்கள் மீது ஏறியது. வாடகைச் சீட்டு, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று யாவும் அதற்கு வேண்டும். 1967 முதல் 14,000க்கும் மேற்பட்டோர் உரிமை இழந்துள்ளனர். 2008இல் மட்டும் 4,577 பேர்.

மேற்படிப்புக்கு மகனை அனுப்பிய தாய், அவனது திரும்பு அனுமதி காலாவதியாகும் நாளை அஞ்சி எண்ணுகிறாள். அல்அக்ஸாவுக்காகக் கையேந்தும் நீங்கள், அதன் நிழலில் வாழும் அத்தாயையும் உங்கள் துஆவில் நினைவுகூருங்கள்.