கூடவே இருந்தவர்கள்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலை ராஜபாளையத்தைத் தாண்டிச் சிவகிரிக்கு வருகிறது. மேற்கே மலை, கிழக்கே சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல். 1850-களில் சிவகிரி ஒரு ஜமீன். தாமிரபரணிக்குத் தெற்கே பனங்காட்டு ஊர்களில் புராட்டஸ்டன்ட் சபைகள் அதற்குள் வேரூன்றியிருந்தன. வடபகுதியில் அப்படி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் எல்லாம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. மிஷன் ஏடுகள் இந்தப் பக்கத்தை ‘வட திருநெல்வேலி’ என்றே குறிப்பிடுகின்றன.

1854-ல் இந்த வடக்குச் சீமைக்கு மூன்று நண்பர்கள் கூடாரங்களோடு வந்தார்கள். தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ். ராக்லண்ட் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் எடுத்தவர். சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) செயலாளராகச் சென்னையில் வசதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் பங்களா கட்டாமல், ஊர் ஊராகக் கூடாரத்தை மாற்றிப் போட்டு வாழ்வதைத் தேர்ந்தெடுத்தார். நுரையீரல் நோயும் கூடவே வந்தது. 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் இறந்தார். அதுவரை கண்ணுக்குத் தெரிந்த பலன் மிகக் கொஞ்சம். அத்தோடு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தால் ஃபென்னையும் மெடோஸையும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இரண்டு பேரும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் என் மனம் நிற்பது அந்த மூன்று ஆங்கிலேயர்களோடு மட்டும் அல்ல. தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து, தங்கள் செலவிலேயே வடக்கே அனுப்பின. சொந்த ஊரில் மரியாதையோடு இருந்த மனிதர்கள், தங்களை யாரென்றே தெரியாத கிராமங்களுக்கு நடந்து வந்தார்கள். அதே வெயில், அதே காய்ச்சல், அதே ஏச்சுப் பேச்சு. ராக்லண்டின் வாழ்க்கையைப் பின்னாளில் ஒருவர் புத்தகமாக எழுதினார். உபதேசியார்களுக்கு அப்படி ஒரு புத்தகம் வாய்க்கவில்லை.

ராக்லண்டைப் பற்றி எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். அவரிடம் போவதற்கு முன் வெள்ளாளன்விளைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் அவருக்குக் கிடைத்த நண்பர், ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர். 1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தமாக ஒரு மிஷனரிச் சங்கம் நடத்துவதைப் பார்த்தார். மறுவருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்காரப் பிரதிநிதிகள் நிறைந்த அவையில் எழுந்து நின்ற இந்தத் தமிழர் பேசியது நட்பைப் பற்றி. உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், பணம் கொடுத்தீர்கள், உழைப்பைக் கொடுத்தீர்கள், ஆனால் இந்திய ஊழியரை உங்கள் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தீர்களா, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் அவர் முடித்தார். அவை அதிர்ந்தது. இரண்டு வருடம் கழித்து அவரே தோர்ணக்கல்லின் முதல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை.

அசரியா கேட்டது சமமாக உட்காரும் நட்பை. தயவு வேறு, நட்பு வேறு. தயவு காட்டுகிறவர் வேண்டாம் என்று தோன்றும் நாளில் எழுந்து போய்விடலாம். நண்பருக்கு அந்த வசதி கிடையாது. அசரியா பேசுவதற்குப் பல வருடங்கள் முன்பே, இதே நெல்லைச் சீமையில், அப்படிப்பட்ட நட்பு ஒன்று இரண்டு பெண்களுக்கு இடையே வளர்ந்துகொண்டிருந்தது.

பொன்னம்மாள் மணமாகிச் சில வருடங்களிலேயே கணவரை இழந்தவர். ஒரு பெண் குழந்தை. கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனாலும் விதவை மருமகளுக்கு மாமனார் வீட்டில் கிடைத்தது வேலையும் மௌனமும்தான். நம் சபைகள் ஆலயப் பிரசங்கத்தில் ஒன்று சொல்லி, வீட்டுக்குள் வேறொன்று நடத்திய காலம் அது. அந்தக் காலம் முழுவதும் முடிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1890-களின் கடைசியில், மிஷனரி தாமஸ் வாக்கர் ஐயரும் அயர்லாந்திலிருந்து வந்த ஏமியும் பண்ணைவிளையில் இருந்தபோது, ஏமி கிராமங்களுக்கு அழைத்துப் போன பெண்கள் குழுவில் பொன்னம்மாள் சேர்ந்தார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். கழுத்திலும் காதிலும் கிடந்த நகைகளை அந்த நாட்களில்தான் கழற்றி வைத்தார். குடும்ப மானத்தை நகையில் எடை போட்ட ஊரில் அது சின்னக் காரியம் இல்லை. உறவுக்காரர்களின் கோபத்தைப் பொன்னம்மாள் தாங்கிக்கொண்டார்.

1901-ல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி ஏமியிடம் வந்தாள். அதன் பிறகு குழந்தைகள் வரத் தொடங்கினார்கள், கைக்குழந்தைகளும் வந்தார்கள். நம் கோயில்களைப் பற்றியும் நம் மக்களைப் பற்றியும் ஏமி எழுதிய எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. தூரத்து நாட்டு வாசகர்களுக்காக எழுதியதில் இருட்டுத்தான் அதிகம் தெரிகிறது. ஆனால் பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் உண்மையாகவே இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நெடுங்காலம் போராடி, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

ஏமி குழந்தைகளோடு தங்கிய டோனாவூரில் அப்போது மருத்துவ வசதி இல்லை. தாய்ப்பால் இல்லாத சிசுக்களைக் காப்பாற்ற ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் ஒரு குழந்தை இல்லம் தொடங்கப்பட்டது. அதை முழுவதுமாகப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தார் ஏமி. மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்காரரை வைக்கவில்லை. அந்தக் காலத்து மிஷன் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பால் கலக்குவது, இரவு விழிப்பது, கூட வேலை செய்யும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் பொன்னம்மாளின் பொறுப்பு. வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதும், அந்த வீட்டில் நின்று ஒவ்வொன்றையும் அடக்கத்துக்கு அனுப்பியவர் அவர்தான். சில வருடங்களுக்குப் பிறகு டோனாவூரிலேயே வசதிகள் வந்தன. குழந்தைகளோடு திரும்பி வந்தார்.

விசுவாசம் என்றால் சோதனை வராது என்று இன்று மேடைகளில் சொல்கிறார்கள். அந்த இரண்டு பெண்களுக்கு அப்படிச் சொல்ல வழியே இருக்கவில்லை. 1912 ஆகஸ்டில் வாக்கர் மசூலிப்பட்டினத்தில் இறந்தார். டோனாவூரின் தூண் சாய்ந்தது. மறுவருடம் ஏமியின் தாயார் போனார். அதே 1913-ல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பொறுப்பை வைத்துக்கொண்டு, ஏமி ஆஸ்பத்திரியில் தோழியின் பக்கத்தில் இருந்தார். குணமாகும் என்று எல்லோரும் ஜெபித்தார்கள். குணமாகவில்லை. 1915 ஆகஸ்ட் 26-ம் தேதி பொன்னம்மாள் காலமானார்.

கேட்டது கிடைக்காதபோது நட்பும் விசுவாசமும் ஒரே நேரத்தில் உரசிப் பார்க்கப்படுகின்றன. ஏமி ஜெபத்தையும் விடவில்லை, துக்கத்தை மறைக்கவும் இல்லை. பொன்னம்மாளின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதனால்தான் இன்று நமக்கு அந்தப் பெயர் தெரிகிறது.

டோனாவூரில் ஏமி எல்லோருக்கும் அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, நம் ஊர்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. 1931-ல் களக்காட்டில் விழுந்து அடிபட்ட அம்மா, அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் அறையைவிட்டுப் பெரிதாக வெளியே போகவில்லை. தனக்குப் பின் பொறுப்பை ஏற்பார் என்று நம்பியிருந்த அருளாயியும் 1939-ல் முந்திக்கொண்டார். அறைக்குள்ளிருந்தே ஏமி எழுதிக்கொண்டிருந்தார். 1951 ஜனவரியில் அவர் போகும்வரை குழந்தைகள் அந்த அறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்துச் சிறு சபைகளில் இன்றும் ஒரு வீட்டில் நோய் என்றால் ஜெபத்துக்கு ஆள் வரும், ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்கவும் ஆள் வரும். சபை வரலாறு எழுதும்போது மட்டும் ஆலயம் கட்டிய வருடம், குருவானவர்களின் வரிசை, பிரதிஷ்டைக்கு வந்த பேராயர் என்று முடித்துவிடுகிறோம். அந்த எழுத்து எனக்குப் போதவில்லை. பழைய சேகரங்களில் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயரும் பைபிள் உமன்களின் பெயரும் இருப்பது அங்கேதான். செல்லரிப்பதற்கு முன் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அவற்றைப் படம் பிடித்து வைக்கட்டும். எழுபது வயதைத் தாண்டிய அக்காமார்களிடம் உட்கார்ந்து, காலரா வருடத்தில் யார் யார் வீட்டுக்கு யார் கஞ்சி கொண்டுபோனார் என்று தங்கள் தாயார் சொல்லக் கேட்டதை எழுதிக்கொள்ளட்டும். அடுத்த அசனப் பண்டிகைக்கு மலர் போடும்போது, குருவானவர் படங்களுக்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பெயர்களையும் அச்சிடலாம்.