போர்வெல்லில் ஏன் வெறும் புகை மட்டுமே வருகிறது? - கல்வராயன் மலைப் பாறை சொல்லும் 250 கோடி ஆண்டுக் கதை!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் மலையை வெட்டிய இடங்களில் எல்லாம் ஒரே பாறைதான் எட்டிப் பார்க்கிறது. வெளியே மழையிலும் வெயிலிலும் பழுப்பேறிய தோல். உடைத்தால் உள்ளே எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும் கருநீலச் சாம்பல் நிறம். ஊரில் இதற்குப் பெயர் கருங்கல். புவியியலாளர்கள் வைத்த பெயர், சார்னோகைட்.

மலையடிவாரத்தில் ஒரு விவசாயி கடன் வாங்கி போர் போடுகிறார். பல நூறு அடி போயும் தண்ணீர் இல்லை. குழாயிலிருந்து கல்தூள்தான் புகையாகப் பறக்கிறது. பக்கத்து நிலத்திலோ தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இது அதிர்ஷ்டமா? இல்லை, இந்தப் பாறை பிறந்த விதம்!

உருகாமல் மாறிய பாறை

பாறைகள் மூன்று வகை. உருகிய குழம்பு இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் படிந்து இறுகினால் படிவுப் பாறை. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும், பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி வேறொன்றாக மாறினால், அது உருமாறிய பாறை.

செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கல் உருகி ஓடுவதில்லை. ஆனால் நெருப்பில் அதன் ஈரம் வெளியேறி, உள்ளமைப்பே மாறி, வேறு பொருளாகிவிடுகிறது. பாறைக்கும் அப்படித்தான். முழுக்க உருகிவிட்டால் அது மறுபடியும் தீப்பாறைக் கணக்கில் போய்விடும்.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் பார்ப்பது வரிகளை. ஒரு பக்கமாக அழுத்தம் விழும்போது தாதுக்கள் வரிசைகட்டிப் படுத்துக்கொள்ளும். களிமண் பாறை லேசாக மாறினால், அந்தக் காலப் பள்ளிக்கூட சிலேட்டு. இன்னும் சூடானால் மினுமினுக்கும் சிஸ்ட். மேலும் சூடானால் கறுப்பும் வெள்ளையுமாக பட்டை ஓடும் நைஸ். சுண்ணாம்புப் பாறை பளிங்காகவும், மணற்பாறை குவார்ட்சைட்டாகவும் மாறும். இந்த இரண்டிலும் பெரும்பாலும் வரிகள் இருக்காது. தாஜ்மகாலின் மக்ரானா பளிங்கு இந்த வகைதான்.

அடுத்தது, காரணம். பக்கத்தில் புகுந்த பாறைக் குழம்பின் சூட்டால் ஓரிடம் மட்டும் மாறினால், அது தொடு உருமாற்றம். மலைகள் உருவாகும்போது ஒரு பிரதேசமே புதைந்து மாறினால், அது வட்டார உருமாற்றம். கல்வராயன் மலை இரண்டாவது வகை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கி.மீ-க்கும் அதிக ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வெந்த பாறை இது. மேலே இருந்த அத்தனையும் தேய்ந்து கரைந்த பிறகுதான் இன்று வெளியே தெரிகிறது.

கல்லறைக் கல் தந்த பெயர்

கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது, சென்னையிலிருந்து போன கல். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் அதே பாறைக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-ல் அவர் பெயரையே வைத்தார்.

இதைத் தீப்பாறை என்றுதான் ஹாலந்து கருதினார். ஆனால் கர்நாடகாவின் கப்பால்துர்காவில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் கறுத்து சார்னோகைட் உருவாகியிருப்பதை 1960-ல் சி.எஸ்.பிச்சமுத்து எடுத்துக்காட்டினார். நைஸிலுள்ள சில தாதுக்களில் நீர் கட்டுண்டு கிடக்கும். அந்த நீர் வெளியேறி, நீரில்லாத ஹைப்பர்ஸ்தீன் என்ற தாது உருவாகும்போதுதான் சார்னோகைட் பிறக்கிறது. குழம்பிலிருந்து நேரடியாக உருவான சார்னோகைட்டும் உண்டு என்பதால், வகைப்படுத்துவதில் விவாதம் இன்னும் ஓயவில்லை.

தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

பிறக்கும்போதே நீரை இழந்த இந்தப் பாறையில், மணலில் இருப்பதுபோலத் துகள்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. தாதுக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் தண்ணீர் நிற்க இரண்டே இடங்கள்தான். ஒன்று, மேலே உதிர்ந்து மக்கிய பாறை அடுக்கு. இன்னொன்று, பாறையின் வெடிப்புகள். பக்கத்து நிலத்தின் போர் வெடிப்பில் இறங்கியது. இவருடையது முழுப்பாறையில் இறங்கிவிட்டது. ஆழம் கூடக்கூட, மேலுள்ள எடையால் வெடிப்புகள் இறுகிக் குறையும். 'இன்னும் நூறு அடி போட்டுப் பார்ப்போம்' என்பது பல நேரம் பணத்துக்குத்தான் செலவு.

போர் போடும் முன், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் ஆய்வைச் செய்வது நல்லது. ஈரமான வெடிப்பும் மக்கிய அடுக்கும் மின்சாரத்தை எளிதில் கடத்தும், முழுப்பாறை தடுக்கும். நூறு சதவிகித உத்தரவாதம் இல்லை என்றாலும், குருட்டாம்போக்கில் துளைப்பதைவிட மேல்.

பாறை தனக்குள் சேமிக்காத தண்ணீரை வெளியேதான் சேமிக்க வேண்டும். கல்வராயனில் பெய்யும் மழையைக் கோமுகி அணை தேக்குகிறது. ஊர் ஏரிகளும் தடுப்பணைகளும் பண்ணைக்குட்டைகளும் செய்வதும் அதே வேலையைத்தான். அங்கே தேங்கும் நீர் மெல்ல இறங்கி, வெடிப்புகளை நிரப்புகிறது. ஏரி தூர்ந்துபோனால், அதையொட்டிய கிணறுகளிலும் அது தெரிந்துவிடும்.