ஒரு பொருள், மூன்று தோற்றங்கள்

தமிழ்த்துறை மலரில் பொறியியல் வரைபடத்திற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். வரைபடமும் ஒரு மொழியே. அதற்கும் எழுத்துண்டு, இலக்கணமுண்டு. பிழையாகப் படித்தால் விளையும் கேடும் உண்டு. ஆதலின் அதன் அரிச்சுவடியை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஓவியர் ஒரு பெட்டியை வரையுங்கால் அருகிலுள்ள விளிம்பைப் பெரிதாகவும் தொலைவிலுள்ளதைச் சிறிதாகவும் காட்டுவார். கண்ணுக்கு அது இனிது, பட்டறைக்கு உதவாது. பொறியாளருக்கு வேண்டியது மெய்யளவு. எனவே, பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு தளத்தை நோக்கிச் செங்குத்தாகக் கோடுகள் செல்வதாகக் கொள்கின்றனர். அவை தளத்தைத் தொடுமிடங்களை இணைத்துப் பெறுவதே செங்குத்து வீழல். தளத்திற்கு இணையான முகம் அதில் உருத்திரியாமல் பதியும்.

ஆயின் இம்முறையில் ஓர் இழப்பும் உண்டு. முகப்புத் தோற்றத்தில் நீளமும் உயரமும் தெரியும், ஆழம் தெரியாது. மேல்தோற்றத்தில் நீளமும் ஆழமும் தெரியும், உயரம் மறையும். இரண்டையும் சேர்த்தால் போதுமே எனத் தோன்றும். முகப்புத் தோற்றம் ஒரு சதுரம், மேல்தோற்றமும் அதே அளவுச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். பொருள் யாது? கனசதுரம் என்பர் மாணவர். இருக்கலாம். முன்புறக் கீழ்விளிம்பிலிருந்து பின்புற மேல்விளிம்பு வரை சாய்வாகச் சீவிய ஆப்பாகவும் இருக்கலாம். அச்சாய்வுக்கு மாறாக வளைவாகச் சீவிய கால் உருளையாகவும் இருக்கலாம். மூன்றிற்கும் அவ்விரு படங்களும் ஒன்றே. பக்கத் தோற்றம் வந்த பிறகுதான் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்று உண்மை வெளிப்படும். மாணவர் சிலர் மூன்றாம் படத்தை மதிப்பெண்ணுக்கான சடங்காகவே எண்ணுகின்றனர், அது சரியன்று.

உள்ளே மறைந்திருக்கும் துளை போன்றவற்றை விட்டுவிட்ட கோடுகளால் காட்டுவது மரபு.

இக்கலையை முறைப்படுத்தியவர் பிரெஞ்சுக் கணிதவறிஞர் காஸ்பார் மோன்ழ் (1746-1818). மெசியேர் நகரப் படைப்பொறியியல் பள்ளியில், எளிய குடிப்பிறப்பின் காரணமாக, அதிகாரிகளுக்குரிய வகுப்பில் அவருக்கு இடமில்லை. வரைவாளராகவே பணி கிடைத்தது. கோட்டைமதில் அமைப்புக் கணக்கொன்றை நெடுங்கணிதமின்றி வரைபடத்தாலேயே அவர் தீர்த்தபோது, இவ்வளவு விரைவில் முடித்திருக்க இயலாது என்று மேலதிகாரி முதலில் அதனைப் பார்க்கவே மறுத்தாராம். பின்னர் அம்முறையின் அருமை உணர்ந்து படை இரகசியமாகவே காத்தனர். 1795-இல் பாரிசில் அவர் ஆற்றிய விரிவுரைகளின் வழியே அது உலகிற்குக் கிட்டியது. கிடைத்தளம், நிலைத்தளம் இரண்டிலும் வீழல் எடுத்து, ஒன்றை மடித்து மற்றதனோடு ஒரே தாளில் விரிப்பதே அவர்தம் உத்தி.

மடிப்பதிலேதான் பிற்காலத்தில் இருவேறு வழக்குகள் எழுந்தன. காண்போருக்கும் தளத்திற்கும் இடையே பொருள் இருப்பதாகக் கொள்வது முதற்கோண முறை. அதில் மேல்தோற்றம் முகப்பின் கீழும், இடப்புறம் நின்று கண்டது முகப்பின் வலப்புறமும் அமையும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது இம்முறையே. அமெரிக்காவில் வழங்கும் மூன்றாங்கோண முறையில் தளமே இடையில் நிற்கும். மேல்தோற்றம் மேலேயே, இடத்தோற்றம் இடப்புறமே அமையும். ஒன்றை மற்றதாகப் படித்தால், இடப்பக்கம் இட வேண்டிய துளை வலப்பக்கம் போய்விடும். இரும்பில் இட்ட துளையை அழிப்பானால் அழிக்கவியலாது. இதன்பொருட்டே, தாளின் தலைப்புக் கட்டத்தில் நுனி வெட்டிய கூம்பின் இரு தோற்றங்களைச் சிறு குறியாக வரைகின்றனர். அவ்விரு தோற்றங்களும் நிற்கும் வரிசையே எம்முறை என்பதைத் தெரிவித்துவிடும்.