பேராதனையின் பச்சை மருந்துச்சாலை

கண்டி மாநகரிலிருந்து கொழும்பு வீதி வழியே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தூரம் சென்றால், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து அணைத்து நிற்கும் பேராதனைப் பூங்காவை அடைகின்றோம். அங்குச் செல்வோருட் பெரும்பாலார் ஓர்க்கிட் மலர்களையும், வானளாவிய மரச்சாலைகளையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். வாசனைத் திரவிய மரங்களும் மூலிகைகளும் வளரும் பகுதியிற் சற்று நிற்பாரைக் காண்டல் அரிது. இவ்வாரம் அப்பச்சை மருந்துச்சாலையிற் சிறிது தங்குவோம்.

147 ஏக்கர் பரப்புடைய இப்பூங்காவை 1821 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பார் தொடக்கி வைத்தார். இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை 1824 இல் அவர் வெளியிட்டார். பூங்காக்கள் கண்ணுக்கு விருந்தாக மட்டும் எழுந்தவையல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டு ஆராய்வதற்கென்றே, 1861 இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது.

மூலிகை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் வந்ததென்பர். 1753 இல் தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயசும் இச்சொல்லையே இலத்தீனில் எடுத்தாண்டார். இருமலுக்கும் சளிக்கும் இதன் இலையைக் குடிநீராக்கிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இவ்விலையிலுள்ள வசிசின் என்னும் பொருளை ஆராய்ந்ததன் பயனாகவே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் இக்கால மருந்து பிறந்தது.

தலைப்பாரத்திற்கு வேது பிடிக்க நொச்சியிலை. மாணவர்தம் நினைவாற்றலுக்கு வல்லாரைச் சம்பல். காய்ச்சலுக்கு மல்லியோடு சேர்த்துக் காய்ச்சும் மரமஞ்சள். இவற்றைப் பாட்டிமார் ஏடு பாராமலே அறிந்திருந்தனர்.

கோயில் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணியின் கதை வியப்புக்குரியது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியைப் பல நாட்டாரும் நீரிழிவுக்கு மருந்தென்று கொண்டனர். அந்நம்பிக்கையைச் சோதிக்கப் புகுந்த கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், இதன் சாறு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். 1958 இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. பின்னர் வந்த வின்கிறிஸ்ரின் இன்றும் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் உயிர்காக்க உதவுகின்றது.

ஆயினும், அதே செடியின் இலையை வீட்டில் அரைத்துக் குடித்தல் ஆபத்தாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வரம்பு அளவே என்பதை மறத்தலாகாது. கார்த்திகைப்பூவை நோக்குங்கள். அதன் கிழங்கிலிருந்து பெறப்படும் கொல்கிசின் மூட்டுவாதத்தின் ஒருவகைக்கு மருந்து. ஆனால் அக்கிழங்கை வற்றாளையென்று எண்ணி அவித்துண்டு உயிரிழந்தாரும் நம் நாட்டில் உளர். ஆகவே, இலையின் பெயரை மட்டுமன்றி, எப்பகுதி, எவ்வளவு, எந்நோய்க்கு என்பவற்றையும் அறிந்தவரே மருந்தறிந்தவர். பரியாரியாரின் பெருமை அங்கேதான் இருக்கின்றது.

இன்று கவலை தருவது வேறொன்று. மரமஞ்சள் மெதுவாக வளரும் காட்டுக்கொடி. தண்டே மருந்தாதலாற் கொடி முழுவதும் வெட்டப்படுகின்றது. மறுபடி தழைக்க ஆண்டுகள் பல வேண்டும். காட்டிற் கொடி அருகுவது போலவே, வீட்டில் அதன் பெயர் அறிந்தாரும் அருகி வருகின்றனர். ஒன்று அழிந்தால் மற்றதால் என்ன பயன்?

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையிற் பிள்ளைகளைப் பேராதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பாட்டியாரிடம் செல்லுங்கள். அவர் அறிந்த பத்து மூலிகைகளின் பெயரையும் பயனையும் எழுதுங்கள். பின்னர் அவற்றுள் எத்தனையைப் பூங்காவில் இனங்காண முடிகின்றதென்று பாருங்கள். வேலியோரத்தில் ஓர் ஆடாதோடைக் கொம்பையும், கிணற்றடியிற் சிறிது வல்லாரையையும் ஊன்றி வைப்போமாயின், நம் முற்றமும் ஒரு சிறு பேராதனையாகும்.