எல்லைகளை முதலில் நோக்குக

தொகையீட்டு வினாவைக் கண்டதும் மாணவர் சார்பையே நோக்குவர். எல்லைகளை, இறுதியிற் பிரதியிடுதற்குரிய இரண்டு எண்களென ஒதுக்கிவிடுவர். வெளிவாரி மாணவனாய் இரவில் விளக்கின்முன் இருந்து பட்டப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் யானும் அவ்வாறே செய்தேன். மடக்கை(1 + தாஞ்சன் ய) என்னும் சார்பை 0 முதல் பை/4 வரை தொகையிடுமாறு கேட்ட வினா ஒன்றுடன் மூன்று இரவுகள் போராடினேன். (மடக்கை என்றது ஈண்டு இயற்கை மடக்கையை.) பகுதிகளாகத் தொகையிட்டேன், பிரதியீடுகள் பல செய்தேன், தாள்கள் நிறைந்தனவேயன்றி விடை வந்திலது. காரணம் பின்னரே விளங்கிற்று: அச்சார்பின் வரையறாத் தொகையீட்டை நாமறிந்த எளிய சார்புகளால் எழுதவே இயலாது.

ஆயினும் வரையறுத்த தொகையீட்டுக்கு அது வேண்டுவதன்று. ய நின்ற இடத்தில் (பை/4 − ய) எனப் பிரதியிடுக. எல்லைகள் தம்முள் இடம்மாறும். தொகையீட்டின் பெறுமானம் மாறாது. பை/4 இன் தாஞ்சன் 1 ஆகையால், 1 + தாஞ்சன்(பை/4 − ய) என்பது 2/(1 + தாஞ்சன் ய) எனச் சுருங்கும். இதன் மடக்கையோ, மடக்கை 2 இலிருந்து பழைய சார்பைக் கழித்ததேயாம். வேண்டிய பெறுமானம் தொ எனின்,

தொ = (பை/4) மடக்கை 2 − தொ.

ஆகவே விடை (பை/8) மடக்கை 2, ஏறக்குறைய 0.272. மூன்று இரவுகளிற் கிட்டாதது மூன்று வரிகளிற் கிட்டிற்று! மேலெல்லை பை/3 ஆக இருந்திருப்பின் இவ்வழி பயன்பட்டிராது என்பதையும் கருதுக.

எல்லைகள் இவ்வாறு உதவாவிடத்து என் செய்வது? (ய⁷ − 1)/மடக்கை ய என்பதை 0 முதல் 1 வரை தொகையிடவேண்டுமெனக் கொள்வோம். அடுக்காகிய 7 ஐ அ என்னும் மாறியாக்கி, அம்மாறியைக் குறித்து வகையிடுக. கீழேயுள்ள மடக்கை அகன்று, ய இன் அ ஆம் அடுக்கு மட்டும் எஞ்சும். அதன் தொகையீடு 1/(அ + 1). இதனை மீளத் தொகையிட மடக்கை(அ + 1) பெறப்படும். அ = 0 எனின் பெறுமானமும் 0 ஆதலால் மாறிலி சேராது. விடை மடக்கை 8. பௌதிகவியலறிஞர் றிச்சாட் பைன்மன், இம்முறையை வூட்ஸ் என்பாரின் நூலிற் கற்று, பிறருக்கு இணங்காத தொகையீடுகளை இதனால் முடித்ததாக, 1985 இல் வெளிவந்த தம் நினைவு நூலிற் கூறியுள்ளார்.

வழியைத் தேர்வதற்கு முன்னர், தொகையீடு உண்டோவென வினவுதலும் வேண்டும். 1/ய² ஐ −1 முதல் 1 வரை சூத்திரப்படி தொகையிட்டு, −2 என விடையெழுதும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறேன். எங்கும் நேரான சார்பின் பரப்பு மறையாவது எங்ஙனம்? ய = 0 இல் அச்சார்பு முடிவிலியை நாடுகின்றது; அவ்வெல்லைகளுக்கிடையே அதற்குத் தொகையீடே இல்லை.