மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் மருந்து: நிறுத்துவதா, தொடர்வதா?

நெமிலிச்சேரி வட்டார அங்கத்தினர் இல்லங்களில் எழக்கூடிய ஐயமொன்றை இங்கு விளக்க விரும்புகிறோம். மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்குத் திடீரெனத் தோன்றும் உடல் வெப்பம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு ஹார்மோன் மருந்து தரப்படுவதுண்டு.

அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உண்டோரில், ஆண்டொன்றுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் மிகுந்தது. பக்கவாதமும் அவ்வாறே 8 பேருக்கு மிகுந்தது. இடுப்பெலும்பு முறிவோ 5 பேருக்குக் குறைந்தது. செய்தி பரவியதும் பல நாடுகளில் பெண்கள் மருந்தைக் கைவிட்டனர்.

வரவு, செலவு இரண்டையும் பார்த்தே சங்கத்தின் நிலையை அறிகிறோம், இதுவும் அத்தகையதே. ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63. அறுபதுக்குட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆகாதவர்களில் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டவர்க்கு இம்மருந்து பொதுவாக ஏற்றதன்று.

ஆதலின் அயலார் பேச்சைக் கேட்டு நிறுத்தவும் வேண்டா. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கவும் வேண்டா. ஆண்டுதோறும் மருத்துவரைக் கலந்து முடிவு செய்க. நிறுத்தியபின் வெப்பம் மீண்டும் தோன்றலாம்; பெரும்பாலும் நாளடைவில் தணியும். மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்குக் கண்டாலோ, தாமதியாது மருத்துவமனை செல்வது அவசியமாகும்.